ஸ்பீக்கர் விழுந்த அந்த அஸர் நேரம்



கொஞ்சம் நீளமான பதிவு. சின்னப் பிள்ளையும் வயசாளியும் ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

எங்கள் வாப்பாவுக்கு இப்போது காது மந்தம். காலையில் வானொலி முஸ்லிம் சேவை, பின்னேரம் கிராஅத், இரவில் செய்தி. இந்த மூன்றும் இல்லாமல் அவருக்கு நாள் போகாது. காதுக் கருவி வாங்கிக் கொடுத்தோம். பள்ளிக்குப் போகும்போது போடுவார், வீட்டுக்கு வந்ததும் கழற்றி அலுமாரியில் வைத்துவிடுவார். "சத்தம் கேக்குது மகன், சொல்லுத்தான் விளங்குதில்ல" என்பது அவருடைய முறைப்பாடு. டீவியின் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி, கடைசியில் பிள்ளைகளுக்குப் படிக்க முடியவில்லை. அவருக்கும் விளங்கவில்லை.

வயது போகப் போக முதலில் குறைவது உயர்ந்த சுருதிச் சத்தங்களைக் கேட்கும் திறன். ச, ஷ, ஃப போன்ற ஒலிகளைப் பிரித்து அறிய அந்த உயர்ந்த சத்தம்தான் வேண்டும். அதனால்தான் எவ்வளவு கூட்டினாலும் சொல் தெளிவதில்லை. கட்டாரில் இருக்கும் தம்பி லீவில் வந்தபோது சின்ன ஸ்பீக்கர் சோடி ஒன்றும் எம்ப்ளிபயர் ஒன்றும் கொண்டுவந்து தந்தார். ஒவ்வொரு ஸ்பீக்கரும் ஐந்து கிலோ, பதினொரு அங்குல உயரம்.

முதலில் டீவி மேசையில் வைத்தோம். மேசைக் கண்ணாடி நடுங்கியது, சத்தம் வாப்பாவின் முழங்காலுக்குத்தான் போனது. பிறகு இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்து அவற்றின் மேல் வைத்தோம். வாப்பாவுக்குச் சந்தோசம். எங்களுக்கும் வேலை முடிந்தது என்ற நினைப்பு.

நாலு நாள் கழித்து அஸர் நேரம். எங்களில் ஒருவர் குசினியில், மற்றவர் விடைத்தாள் திருத்திக்கொண்டு. கடைக்குட்டிக்கு இரண்டரை வயது. தொங்கிக்கொண்டிருந்த வயரைப் பிடித்து இழுத்திருக்கிறார். சத்தம் கேட்டு இரண்டு பேரும் ஓடிவந்தோம். ஸ்பீக்கர் அவருடைய காலுக்குப் பக்கத்தில் கிடந்தது, தரை டைல் ஒன்று வெடித்திருந்தது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த டைலுக்கும் அவருடைய தலைக்கும் இடையில் ஒரு சாண் தூரம்தான் இருந்தது.

வாப்பா எழும்பி, "எனக்கு இது வேணாம், கழட்டி வைங்க" என்றார். தன்னால்தான் நடந்தது என்று நினைத்துவிட்டார். அன்றிரவு செய்தியும் கேட்கவில்லை. அதுதான் எங்களை அதிகம் வருத்தியது. வகுப்பில் புவியீர்ப்பு மையம் படிப்பிக்கிற நாங்கள் வீட்டில் ஐந்து கிலோவைப் பிளாஸ்டிக் ஸ்டூலில் வைத்தோம். பிழை எங்களுடையது.

கொழும்பில் ஸ்டாண்ட் விசாரித்தோம். நல்லவற்றின் விலை ஸ்பீக்கரின் விலையைத் தொட்டது. மலிவானவை மெல்லிய குழாயும் சின்ன அடித்தட்டுமாக இருந்தன. பார்க்க அழகு, விரலால் தள்ளினால் ஆடும். ஆகவே ஊரிலேயே வெல்டிங் செய்யும் தம்பியிடம் போனோம்.

உயரத்தை ஊகிக்கவில்லை, அளந்தோம். வாப்பா சாய்மனைக் கதிரையில் இருக்கும்போது தரையிலிருந்து காது 33 அங்குலம். ஸ்பீக்கரில் மேலே இருக்கும் சின்ன வட்டம்தான் உயர்ந்த சத்தத்தைத் தருவது. அது அடியிலிருந்து 8 அங்குலத்தில் இருந்தது. உயர்ந்த சத்தம் டோர்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும். அந்த வட்டம் காதுக்கு நேரே இருக்க வேண்டும். 33 இலிருந்து 8 போக 25 அங்குலம். ஸ்டாண்டின் உயரம் அதுதான்.

அடித்தட்டு 12 அங்குலச் சதுரம், 10 மில்லிமீற்றர் இரும்பு. அது மட்டும் ஏழு கிலோவுக்கு மேல் வரும். தூணுக்கு 3 அங்குலப் பொக்ஸ் பார். அதற்குள் மணல் நிரப்பினோம். கடல் மணலில் உப்பு இருப்பதால் இரும்பு துருப்பிடிக்கும். ஆற்று மணலைக் கழுவி, கச்சான் வறுக்கிற மாதிரித் தாச்சியில் வறுத்து, ஈரம் போன பிறகு போட்டோம். ஒரு தூணுக்கு ஐந்து கிலோ அளவில் போனது. மணல் இரண்டு வேலை செய்கிறது. பாரம் கொடுக்கிறது, வெறும் குழாய் மணி மாதிரி ஒலிப்பதையும் நிறுத்துகிறது.

மூன்று கால் வைத்தால் ஆடாது என்று வெல்டிங் தம்பி சொன்னார். உண்மைதான், மூன்று புள்ளி எந்தத் தரையிலும் பொருந்தும். ஆனால் கால்களுக்கு இடைப்பட்ட பக்கம் தள்ளினால் நான்கு காலைவிடச் சீக்கிரம் சரியும். ஆகவே நான்கு மூலையிலும் திருகி உயர்த்தக்கூடிய போல்ட் வைத்து, டைல் கீறாமல் அடியில் ரப்பர் போட்டோம்.

இன்னொன்றையும் யோசித்தோம். அன்று ஸ்டூல் விழவில்லை, ஸ்பீக்கர்தான் அதிலிருந்து இழுபட்டு விழுந்தது. ஸ்டாண்ட் எவ்வளவு பாரமாக இருந்தாலும் மேலே இருப்பது கழன்று வந்தால் பயனில்லை. மேல்தட்டைச் சுற்றி அரை அங்குல விளிம்பு வைத்து, ரப்பர் விரித்து, ஸ்பீக்கரைப் பட்டியால் கட்டினோம். வயரைத் தூணின் பின்பக்கமாக இறக்கி மூன்று இடத்தில் கட்டினோம். சுவரில் ரோல் பிளக் அடித்துத் தூணையும் சுவரோடு இணைத்தோம்.

சுவரோடு இணைப்பதற்கு முன் ஒரு பரிசோதனை. ஸ்பீக்கரோடு சேர்த்து, அடித்தட்டின் ஒரு ஓரத்தை நான்கு அங்குலம் தூக்கி, மேலே கையை அணைவாக வைத்துக்கொண்டு விட்டோம். சரியாமல் திரும்பி வந்து நின்றது. மூத்த மகள், "இதை வகுப்பிலயும் காட்டுங்க வாப்பா" என்றார்.

வாப்பாவை இருத்திக் கிராஅத் போட்டோம். முன்னைவிடச் சத்தம் குறைவாகத்தான் வைத்தோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஓதியவர் எந்த இடத்தில் நிறுத்தினார் என்று அவராகவே சொன்னார். போன நோன்பில் வானொலிப் பாங்கு கேட்டதா என்று ஒவ்வொரு நாளும் எங்களிடம் விசாரித்தவர். வாற நோன்பில், இன்ஷா அல்லாஹ், அவரே எங்களுக்குச் சொல்வார்.

வெடித்த டைலை மாற்றவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

உங்கள் வீட்டிலும் டீவி, தண்ணீர் பில்டர், புத்தக அலுமாரி என்று உயரத்தில் பாரமான ஏதாவது இருக்கும். இன்றைக்கு ஒருக்காத் தள்ளிப் பாருங்கள். பிள்ளையின் உயரத்தில் குந்தியிருந்து, கைக்கு எட்டும் வயர் எது என்றும் பாருங்கள். அளவுகள் வேண்டியவர்கள் கேளுங்கள், வரைந்து தருகிறோம்.