காலியாக விட்ட கட்டம்

2021 பிப்ரவரி 16

சிறுவர் இல்லத்தின் தர மேலாளர் இன்று நிர்வாகக் குழுவிடம் இரண்டு தேதிகளைச் சொன்னார். 2018 பிப்ரவரி 9, அமெரிக்காவில் ‘ஃபேமிலி ஃபர்ஸ்ட்’ சட்டம் கையெழுத்தான நாள். 2021 அக்டோபர் 1, அதற்காக மாநிலங்கள் கேட்டு வாங்கிய அவகாசம் தீரும் நாள். அதற்குள் தரச்சான்று பெறாவிட்டால், இதுபோன்ற இல்லத்தில் தங்கும் பிள்ளைக்கு இரண்டு வாரத்துக்கு மேல் மத்திய அரசின் பராமரிப்புத் தொகை வராது. எந்நேரமும் கிடைக்கக்கூடிய நர்ஸ், வீடு திரும்பிய பிள்ளைக்கு ஆறு மாதமாவது துணை என்று வேறு நிபந்தனைகளும் உண்டு.

சான்று தரும் அமைப்புகளாகச் சட்டம் பெயர் சொல்வது கார்ஃப், ஜாயின்ட் கமிஷன், சீஓஏ ஆகிய மூன்றை. இல்லம் சீஓஏவிடம் விண்ணப்பித்திருக்கிறது. காகித வேலை போன வருடமே தொடங்கிவிட்டது.

பிப்ரவரி 24

கொள்கை, கொள்கை, கொள்கை. சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

மார்ச் 9

மாலை முழுவதும் ஒரே கட்டு ஃபைல். பிள்ளை தன்னையோ அடுத்தவரையோ காயப்படுத்தப் போகிறபோது ஊழியர்கள் பிடித்து நிறுத்தினால் படிவம் எழுத வேண்டும். எப்போது பிடித்தார்கள், எப்போது விட்டார்கள், யார் யார் இருந்தார்கள், மூச்சைக் கவனித்தது யார் என்பதெல்லாம் ஒழுங்காக நிரம்பியிருக்கிறது. மேற்பார்வையாளரின் கையெழுத்தும் இருக்கிறது. கடைசிக் கட்டம், ‘பிள்ளை சொன்னது’. படிவத்துக்குப் படிவம் அது காலி. சிலவற்றில் ‘பேச மறுத்தான்’ என்று இரண்டே சொல்.

அந்தக் கட்டம் சும்மா முளைத்ததல்ல. மனநல மருத்துவமனைகளிலும் இல்லங்களிலும் நோயாளிகளையும் பிள்ளைகளையும் பிடித்தும் கட்டியும் தனியே அடைத்தும் வைத்ததில் பத்தாண்டில் நேர்ந்த 142 சாவுகளை 1998இல் ‘ஹார்ட்ஃபோர்ட் கூரன்ட்’ நாளிதழ் தோண்டியெடுத்து வெளியிட்டது. பிடித்து அடக்குவதற்கு வரம்பு கட்டிய சட்டப் பிரிவுகள் 2000இல் வந்தன. இத்தனைக்கும் பிறகு, பிடிபட்ட பிள்ளையின் பக்கத்தைக் கேட்காமல் சான்று கேட்டு நிற்பதா? தர மேலாளருக்குக் கோபம் ஆறவில்லை.

மார்ச் 10

தூங்கவில்லை.

மார்ச் 19

தர மேலாளர், இரவு ஷிப்ட்டில் பல வருடம் வேலை பார்க்கும் ஊழியரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார். அவர் மழுப்பவில்லை. “அடங்கினதும் பையன் அசந்து தூங்கிடுவான். எழுப்பிக் கேட்கச் சொல்றீங்களா? காலையில நான் வீட்டுக்குப் போயிடுவேன். பகல் ஷிப்ட்டுக்கு நடந்ததே பாதி தெரியாது.”

பிள்ளையின் இடத்தில் தன்னை வைத்து மேலும் ஒன்று சொன்னார்: “என்னைப் பிடிச்சவர்கிட்டயே நான் எப்படி மனசுவிட்டுப் பேசுவேன்?”

அலமாரி நிறைய எழுதிவைத்த கொள்கைகளில் இதற்குப் பதில் இல்லை. பிடித்து நிறுத்தியதில் பங்கில்லாத ஒருவர், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, பிள்ளையோடு தனியாக உட்கார வேண்டும். அதற்கு ஓர் ஆள் வேண்டும், சம்பளமும் வேண்டும். இயக்குநர் “பார்க்கலாம்” என்றார்.

ஏப்ரல் 20

நல்ல நாள். ஊழியர் கோப்புகள், தீயணைப்பு ஒத்திகைப் பதிவுகள், மருந்துப் பதிவேடு எல்லாம் சரி. சுய ஆய்வு ஆவணங்கள் பதிவேறிவிட்டன. காலை உரையாடலுக்கு ஒரு சமூகப் பணியாளரின் நேரத்தை ஒதுக்க இயக்குநர் சம்மதித்துவிட்டார். அலுவலகத்தில் யாரோ டோனட் வாங்கி வந்திருந்தார்கள்.

மே 11

தொற்றுக்காலம் என்பதால் சீஓஏவின் ஆய்வாளர்கள் திரை வழியாகத்தான் வரப்போகிறார்கள். வேறு நிறுவனங்களில் இதே வேலை பார்ப்பவர்கள், தன்னார்வமாக வருகிறார்கள். பிள்ளைகளோடும் பேசுவார்கள். அதை விளக்கத்தான் தர மேலாளர் இன்று பெரிய பையன்களின் கூடத்துக்குப் போனார். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க மாட்டேன் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

பதினான்கு வயதுப் பையன் ஒருவன் பீன்பேக்கை விட்டு எழாமலே கேட்டான்: “என்னைப் பத்தி எழுதினதை அவங்க படிப்பாங்களா?”

“சிலதைப் படிப்பாங்க.”

“நான் படிக்கலாமா?”

படிக்கக் கேட்கும் உரிமை அவனுக்கு உண்டு. இல்லத்தின் கையேட்டிலேயே, அவன் சேர்ந்த அன்று கையெழுத்திட்ட பக்கத்தில், அச்சாகியிருக்கிறது. இதுவரை எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. எப்படிக் கேட்பது என்று யாரும் சொல்லித்தந்ததும் இல்லை.

மே 12

அவனுடைய கோப்பைத் தானே முதலில் படித்தார். அவனைப் பிடித்து நிறுத்தியதற்கான மார்ச் மாதப் படிவம் அதில் இருக்கிறது.

மே 27

ஆய்வுத் தேதி வந்துவிட்டது, ஜூலையில். பையன் கவுன்டியின் பொறுப்பில் இருப்பதால் கோப்பைக் காட்டுவதற்குமுன் அவர்களிடமும் கேட்க வேண்டும் என்கிறார் வழக்கறிஞர். கேட்டாயிற்று. பதில் இல்லை. ஜூனில் அவனை அத்தை வீட்டுக்கு அனுப்பலாம் என்று பேச்சு நடக்கிறது. நாளை மறுபடி போன் செய்ய வேண்டும்.