நடைபாதைக்கு ஒரு பாலன்ஸ் ஷீட்

நடைபாதை என்பது காரணப் பெயர் என்று ஸ்கூலில் சொல்லிக் கொடுத்தார்கள். சென்னைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அது இடுகுறிப் பெயர். நடப்பதைத் தவிர மற்ற எல்லாமே அங்கே நடக்கிறது!

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் வரவு, செலவு, இருப்பு என்றே தோன்றும். போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு விண்ணப்பம் தாக்கலானது. மனுதாரர் ஆறாம் வகுப்பு படிக்கும் என் பொண்ணு.

"அப்பா, இனிமே நான் சைக்கிள்ல ஸ்கூலுக்குப் போறேன். ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் ரெடி."

ஸ்கூல் ஒண்ணேகால் கிலோமீட்டர். நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து தீர்ப்பு வந்துவிட்டது. "தண்ணி லாரி போற ரோடுங்க அது. ஒண்ணும் வேணாம்."

இரண்டு தரப்பிலும் நியாயம். சரி, ஆடிட் பண்ணிவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பும் நோட்டுமாகக் கிளம்பினேன். வழியில் ஒரு கடைக்காரர் ஓடி வந்தார். "சார், ரோடு அகலப்படுத்தறாங்களா? என் கடை போயிடுமா?" என்றார். நடக்கிறதுக்காக அளக்கிறேன் என்று சொன்னதும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

ஆடிட் ரிப்போர்ட் இதோ. நடைபாதையில் ட்ரான்ஸ்ஃபார்மர் 2. கேபிள் பெட்டி 7. டீக்கடை பெஞ்ச் 3. நிறுத்திய டூ வீலர் 46. பிள்ளையார் 1 (விக்கினம் தீர்ப்பவர் என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை). மூடி இல்லாத வடிகால் குழி 1. உயரம் ஓரிடத்தில் 14 அங்குலம்.

இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. கட்சி இல்லை சார், ரோடு எப்படி இருக்கவேண்டும் என்று விதி எழுதுகிறவர்கள். பாதசாரிகளுக்காக அவர்கள் 2012-ல் வெளியிட்ட நெறிமுறைப்படி, நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. அதாவது ஆறு அங்குலம். தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும்.

14 அங்குலத்தில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். ஒவ்வொரு வீட்டு கேட்டிலும் கார் ஏற ஒரு சரிவு. அங்கே இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கி... புத்தக மூட்டையோடு போகிற குழந்தை நாலாவது வீட்டில் வெறுத்துப்போய் ரோட்டிலேயே நடக்கும். நாமும் ஹாரன் அடித்துக்கொண்டே, "நடுரோட்டுல நடக்குது பாரு" என்று அதைத் திட்டுவோம்.

காலை 8.20-க்கு ஸ்கூல் வாசலைப் பார்க்கணும். ரோடு ஆபத்து என்று அப்பாக்கள் வண்டியில் கொண்டுவந்து விடுகிறார்கள். அத்தனை அப்பாக்களும் வண்டியில் வருவதால் ரோடு ஆபத்து! ஒரே தொகையைப் பற்றிலும் வரவிலும் எழுதின கணக்கு. போன வருஷம் ரிவர்ஸ் எடுத்த ஒரு கார் என் பொண்ணு கிளாஸ் பையனின் கால்மேல் ஏறிவிட்டது. மூன்று மாதம் மாவுக்கட்டு. அந்தக் காரை ஓட்டியவரும் பிள்ளையை விட வந்த இன்னொரு அப்பாதான். அவர் முகத்தைப் பார்த்தவர்கள் அவரைத் திட்டக்கூட இல்லை.

"அந்தக் காலத்துல நாங்கல்லாம்..." என்று ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நானும் கும்பகோணத்தில் குரங்கு பெடல் போட்டு, பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். சைக்கிளில் ஸ்கூலுக்குப் போனவன்தான். அப்போது ரோடு ஒன்றும் உசத்தி இல்லை. வண்டி குறைச்சல், அவ்வளவுதான்.

சைக்கிள் என்றதும் நெதர்லாந்தைச் சொல்வார்கள். அவர்கள் என்னமோ பெடலோடு பிறந்தவர்கள் மாதிரி நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அங்கேயும் கார் பெருகி, 1971-ல் ஒரே வருஷத்தில் சுமார் 3,300 பேர் சாலையில் செத்தார்கள். அதில் 400-க்கு மேல் குழந்தைகள். பெற்றவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்பதுதான் அந்த இயக்கத்தின் பெயரே. 1973-ல் பெட்ரோல் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, அரசாங்கம் இறங்கி வந்தது. தனி சைக்கிள் பாதை, வண்டிகள் மெதுவாகப் போகிற தெரு என்று ஒவ்வொன்றாக, பல வருஷம் எடுத்துக்கொண்டு கட்டினார்கள். ஆக, அது பிறவிக் குணம் இல்லை. சிமென்ட், செங்கல், பிடிவாதம்.

நம்மிடம் என்ன இல்லை? தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே இலவச சைக்கிள் கொடுக்கும் திட்டம் 2001-ல் ஆரம்பித்தது. 2014-ல் சென்னை மாநகராட்சி, போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று கொள்கையே வகுத்தது. 2019-ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தபோது, ஜனங்கள் கைவீசி நடந்ததைப் பார்த்தோம். சாலை அமைப்பில் விதிமீறி, அதனால் உயிர் போனால் பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று அதே வருஷம் சட்டத்திலும் சேர்த்தார்கள். சைக்கிள் இருக்கு, கொள்கை இருக்கு, சட்டம் இருக்கு. ஜவுளி வாங்கப் போகிற தெருவுக்குக் கிடைத்தது ஸ்கூலுக்குப் போகிற தெருவுக்கும் வேண்டும் என்பதுதான் பாக்கி.

பெரிய பாலம் எல்லாம் கேட்கவில்லை. ஸ்கூல் வாசலில் ரோட்டையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தி ஒரு கிராஸிங். குழந்தை இறங்கி ஏறவேண்டாம், வண்டி ஏறி இறங்கட்டும். போர்டு வைத்தால் படிக்காதவன்கூட மேடு வந்தால் பிரேக்கை மிதிப்பான். நடைபாதையில் டூ வீலர் ஏறாமல் குட்டைத் தூண்கள், சக்கர நாற்காலி போக மட்டும் இடைவெளி விட்டு. குழந்தையை இறக்கிவிட வாசலிலிருந்து 200 மீட்டர் தள்ளி ஒரு இடம். அவ்வளவுதான்.

31 பெற்றோர் கையெழுத்தோடு, என் டேப் கணக்கையும் இணைத்து, சம்பந்தப்பட்ட ஆபீஸில் கொடுத்திருக்கிறோம். "பார்க்கிறோம் சார்" என்றார்கள். நாங்களும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இதற்கிடையில் வீட்டில் ஒரு சமரசம். ஐந்து குழந்தைகள் சேர்ந்து நடக்கிறார்கள். கூடவே முறை வைத்து ஒரு பெரியவர். வியாழக்கிழமை என் டர்ன். சைக்கிள் மனு நிலுவையில் இருக்கிறது. மனுதாரர் தினமும் வாய்தா கேட்டு நச்சரிக்கிறார்.

கடைசியாக, ஆபீஸுக்குப் பறக்கும் நண்பர்களுக்கு ஒரு கணக்கு. ஸ்கூல் முன்னால் இருக்கிற 200 மீட்டரை 50 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் 14 விநாடி. 30-ல் போனால் 24 விநாடி. லாபம் பத்து விநாடி. ஆனால் 50-ல் போகும்போது, குழந்தையைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆனாலே வண்டி 14 மீட்டர் ஓடியிருக்கும். 30-ல் என்றால் எட்டு மீட்டர். மிச்சம் ஆறு மீட்டர் அந்தக் குழந்தையுடையது.

அந்த மேடு கட்டி முடிக்கிறவரை, அந்தப் பத்து விநாடியைக் கொஞ்சம் கடனாகக் கொடுங்கள் சார். எப்படியும் ஆபீஸ் லிஃப்டுக்கு நிற்பதில் போகப்போகிற நேரம்தானே?