தழும்போடு வந்தவர்

காட்டுப்பாக்கத்தில் பஸ் ஏறி ஐயப்பன்தாங்கல், போரூர், நந்தம்பாக்கம் என்று போய்க்கொண்டே இருந்தால் பரங்கிமலை வந்துவிடும். நம் மவுண்ட்–பூந்தமல்லி சாலையின் பெயரில் இருக்கிற மவுண்ட் அதுதான். கி.பி. 72-இல் அப்போஸ்தலன் தோமா அங்கேதான் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார் என்பது மரபு. வரலாற்றாசிரியர்கள் எல்லாரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் 1547-இல் போர்த்துக்கீசியர் அந்த மலையில் கண்டெடுத்த, பஹ்லவி எழுத்து பொறித்த கற்சிலுவை, அவர்கள் கப்பல் ஏறுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இங்கே கிறிஸ்தவர்கள் இருந்ததைச் சொல்கிறது. விவாதம் நடக்கட்டும். காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று அடம்பிடித்த ஒருவர் பெயரைச் சொல்லும் மலை நம் சாலைக் கோடியில் நிற்கிறது. எனக்கு அதுவே போதும்.

பிரசங்கங்களில் தோமாவுக்குத் திட்டுதான் அதிகம் கிடைக்கும். எனக்கு அவரைப் பிடிக்கும். மற்றவர்கள் ஆண்டவரைக் கண்ட சந்தோஷத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, ஆணி அடித்த இடம் எங்கே என்று கேட்ட ஆள் அவர் ஒருவர்தான். இயேசுவும் அவரைக் கண்டிப்பதற்கு முன் கையை நீட்டிக் காட்டினார். மரணத்தை ஜெயித்த உடம்பில் அந்தத் தழும்புகளை ஏன் விட்டுவைக்க வேண்டும்? கல்லறையோடு அவையும் போயிருக்கலாமே.

யோவான் எழுதிய இருபதாம் அதிகாரத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பூட்டிய அறைக்குள் வந்தவர் சமாதானம் சொல்லிக் கைகளையும் விலாவையும் காட்டுகிறார். அடுத்த பேச்சிலேயே அவர்களை அனுப்புகிறார். அனுப்புதல் அந்தக் காயத்தின் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. இன்னொன்றும் அங்கே இருக்கிறது, நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம்: எட்டு நாள் கழித்து அவர் மறுபடி வரும்போதும் கதவு பூட்டியே இருக்கிறது! உயிர்த்தெழுந்தவரைக் கண்ணால் கண்டவர்கள்தான் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். நம் சபைகளிலும் ஈஸ்டர் விடியற்காலை ஆராதனை, புதுத்துணி, பிரியாணி எல்லாம் ஆகும். அடுத்த ஞாயிறு கமிட்டி எலெக்ஷன் பேச்சு. கதவு பூட்டியபடியே இருக்கும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்தவன் நான். பவர் பிரஸ்ஸில் விரலை இழந்தவர்களை அங்கே நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே பேசுவார்கள். கோயிலில் திருவிருந்தின்போது இரண்டு கையையும் நீட்ட வேண்டுமே, அப்போதும் முழுக்கையை மேலே வைத்து விரலில்லாத கையை அடியில் மறைத்துக்கொள்வார்கள். யாருடைய தழும்பை நினைத்து அந்த அப்பத்தை வாங்குகிறோம் என்று எண்ணினால் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இந்த இடத்தில் டாக்டர் பால் பிராண்டைச் சொல்லியாக வேண்டும். 1914-இல் கொல்லிமலையில் ஊழியக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா ஜெஸ்ஸி 1929-இல் அந்த மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். அம்மா ஈவ்லின் முதுமையிலும் மலைகளை விடாமல் ஊழியம் செய்தவர். பிராண்ட் 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, விரல் மடங்கிப்போன நோயாளி ஒருவரிடம் தன் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். வலிக்கிற அளவுக்கு இருந்தது பிடி. சதை செத்துவிடவில்லை, நரம்பு செத்ததால்தான் கை முடங்கியது என்று அவருக்கு உறைத்தது. நல்ல தசைநாணை எடுத்து மாற்றிக் கட்டி, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார்.

தொழுநோயாளிகளின் கூட்டம் ஒன்றில் அவரைப் பேசச் சொன்னார்கள். அவர் கைகளைப் பற்றியே பேசினார்: இயேசுவின் குழந்தைக் கை, தச்சுக் கை, ஆணி பாய்ந்த கை, தழும்போடு திரும்பி வந்த கை. பேசி முடித்தபோது, துணிக்குள் ஒளித்தே பழகியவர்கள் தங்கள் கைகளை வெளியே எடுத்து, உயரக் கூப்பினார்கள்.

கதையை இதோடு நிறுத்தினால் நல்ல பிரசங்கமாகிவிடும். ஆனால் அறுவைச் சிகிச்சை முடிந்து ஊருக்குப் போனவர்களில் சிலர் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். முடங்கிய கையைப் பார்த்துப் பிச்சை போட்டவர்கள் இப்போது போடுவதில்லை. நோய்த் தழும்பு தெரிவதால் வேலை கொடுப்பாரும் இல்லை. கை சரியானது, வாழ்க்கை சரியாகவில்லை. அதனால் வேலூரிலேயே குடிசைகள் போட்டுப் புதுவாழ்வு மையம் தொடங்கித் தச்சுவேலை சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே இன்னொரு புதிர். காலையில் எழுந்தால் சிலருக்கு விரலில் புதுக்காயம், சதை காணவில்லை. ராத்திரி கண்விழித்துப் பார்த்தார்கள். எலி! உணர்ச்சியில்லாத விரலை எலி கடிப்பது தூங்குகிறவருக்குத் தெரியவில்லை.

ஊழியம் என்றால் ஒலிபெருக்கியும் கைப்பிரதியும் மட்டும்தான் என்று நம்மிடையே ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களோடு எனக்குச் சண்டையில்லை, இந்தச் சங்கதியைச் சொல்வேன், அவ்வளவுதான். எலித் தொல்லை தெரிந்தபின், குணமாகி வீடு திரும்புகிற ஒவ்வொருவர் கையிலும் மருந்தோடு ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார் பிராண்ட்.