ரயிலில் வந்த தண்ணீரும் பக்கத்தில் இருந்த ஏரியும்

2019 ஜூலை. நான் அப்போது ஒன்பதாவது. வீட்டில் லாரித் தண்ணீருக்குச் சொல்லிவிட்டு நாள் கணக்கில் காத்திருந்த நேரம். பட்டரவாக்கம் ஸ்டேஷனில் நின்றபோது நீளமாக ஒரு டேங்கர் ரயில் போனது. "ஜோலார்பேட்டை தண்ணிப்பா" என்றார் பக்கத்தில் இருந்த பெரியவர். எல்லோரும் செல்போனில் படம் எடுத்தார்கள். நான் கையை வேறு ஆட்டினேன் (சிரிக்காதீங்க!).

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்த அந்த ரயில், கொரட்டூர் ஏரியைத் தாண்டித்தான் வில்லிவாக்கம் போயிருக்கிறது! ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். கேட்க பெரிசாக இருக்கும். ஆனால் அந்தப் பஞ்சத்திலும் மெட்ரோவாட்டர் நகரத்துக்கு ஒரு நாளைக்குக் கொடுத்தது சுமார் 52 கோடி லிட்டர். ஒரு நடைத் தண்ணீர் அதில் அரை சதவீதம்கூட இல்லை.

சரி, பக்கத்து ஏரியை ஏன் குடிக்க முடியவில்லை? சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும் கலந்ததுதான் காரணம். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு போனது. யார் பொறுப்பு என்று தேடினால் தலை சுற்றுகிறது. ஏரியும் மதகும் நீர்வளத் துறை (2021 வரை பொதுப்பணித் துறைக்குள் இருந்தது). பாதாளச் சாக்கடை மெட்ரோவாட்டர். மழைநீர் வடிகால் மாநகராட்சி. அம்பத்தூர் அதில் சேர்ந்ததே 2011-ல்தான். தொழிற்சாலைக் கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்.

இப்போது ஒரு சின்ன கணக்கு. ஒரு வீட்டுக் கழிவு மழைநீர் வடிகாலில் இறங்கி ஏரிக்குப் போகிறது. தப்பு யாருடையது? நாலு பேருமே "எங்க வேலை இல்லை" என்று சொல்ல இடம் இருக்கிறது. சட்டப்படி பார்த்தால் நாலு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கும். அதுதான் கொடுமை. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூருக்கு, அங்கிருந்து ரெட்டேரிக்கு என்று தண்ணீருக்கு ஒரே பாதைதான். ஆபீஸ்தான் நாலு.

நம்ம ஆட்களால் முடியாதா என்றால், முடியும். கோயம்பேட்டில் கழிவுநீரையே சுத்திகரித்து ஸ்ரீபெரும்புதூர் பக்கத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டருக்கான ஆலை. நம் ரயில் 18 நடை அடிக்க வேண்டும்!

புதுசாக இன்னொரு வாரியம் வேண்டாம். என் ஆசை ரொம்ப சின்னது. ஒவ்வொரு ஏரிக்கும் பதில் சொல்ல ஒரே ஒரு அதிகாரி. மற்ற துறைகளுக்கு உத்தரவு போடும் அதிகாரமும் அவருக்கு வேண்டும். மாதாமாதம் தண்ணீரைச் சோதித்து, முடிவை அவர் பெயரோடு ஏரிக்கரையில் போர்டில் எழுதி வைக்க வேண்டும். கெட்டுப் போனால் யாரிடம் போய் நிற்பது என்றாவது நமக்குத் தெரியும்.

அடுத்த பஞ்சத்திலும் ரயில் வரலாம். ஆனால் இந்த முறை கையாட்ட மாட்டேன்.