பார்க்க வந்தவர்

2012இல் நியூஜெர்சியில் இருந்தோம். கணவருக்கு எச்-1பி விசா, எனக்கு அவரைச் சார்ந்த எச்-4. தமிழில் முனைவர் பட்டம் இருந்தும் சம்பளத்துக்கு எங்கும் வேலை செய்யக் கூடாது. (எச்-4 பெண்களில் ஒரு பகுதியினருக்கு அந்த அனுமதி 2015இல்தான் கிடைத்தது.) மகளுக்கு ஒன்றரை வயது. கொல்லிமலை குண்டூர் நாட்டிலிருந்து சின்னம்மா வந்தார்.

எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, விசா நேர்காணலுக்குச் சென்னை போனபோது தெரிந்தவர்கள் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: “பேத்தியைப் பார்க்கப் போறேன்னு சொல்லுங்க. பார்த்துக்கப் போறேன்னு சொல்லிடாதீங்க.” பார்க்கப் போனால் விருந்தாளி, பார்த்துக்கொள்ளப் போனால் வேலையாள். பி-2 விசாவில் வேலைக்கு இடமில்லை.

வந்த மறுநாளே குழந்தை அவர் இடுப்பில் இருந்தது. டிஷ்வாஷரை நம்பாமல் பாத்திரங்களைக் கையாலேயே தேய்த்தார். “உட்காருங்க சின்னம்மா” என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். அவர் உட்கார்ந்தால் எனக்கு வேலை கூடும் என்பது இருவருக்கும் தெரியும். விருந்தோம்பலை மனைவியின் மாண்புகளில் ஒன்றாக வைக்கிறது தொல்காப்பியம். விருந்தாளியே அடுப்படியில் நிற்பதற்கு அங்கே சூத்திரம் இல்லை.

“உனக்கும் வேலை பார்க்க உத்தரவு இல்ல, எனக்கும் இல்ல. அப்ப காலைல இருந்து நாம பார்த்தது என்ன கண்ணு?” என்றார் ஒருநாள்.

மதியத்தில் அவர் குழந்தையை வைத்திருந்த இரண்டு மணி நேரத்தில்தான் என் முதல் தொகுப்பை எழுதினேன். ஆறு மாதம் அப்படிக் கிடைத்தது.

ஊரில் அவருடைய சாமைக்காட்டில் களையெடுக்க ஆள் வைத்தார்கள். அவர் செய்துவந்த வேலைக்கு அந்த வருஷம்தான் முதல்முறையாக வீட்டில் கூலிக்கணக்கு எழுதினார்கள்.