பனி வண்டிக்கு இருமல்!

ஸ்நோமொபைல் என்றதும், பணக்காரப் பிள்ளைகள் பனியில் விளையாடும் வண்டி என்றுதான் நம்மவர்கள் நினைக்கிறார்கள். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் சுழலும் ரப்பர் பட்டை, நடுவே ஸ்கூட்டர் மாதிரி ஒரு ஸீட். பார்வைக்கு இவ்வளவுதான். ஆனால் கனடாவில், வடக்கு ஒண்டாரியோவின் ஏரிக்கரை ஒன்றில் குடித்தனம் நடத்தும் எனக்கு அது வீட்டு மருந்துப் பெட்டிக்குச் சமம்.

கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்ற ஊரில் ஜோசப் அர்மாண்ட் பம்பார்டியர் என்ற மெக்கானிக் இருந்தார். 1934ஆம் வருஷக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு வயிற்றில் சீழ் பிடித்துவிட்டது. சாலையெல்லாம் பனி மூடிக் கிடந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முடியவில்லை. குழந்தை இறந்துபோனது. பனியில் ஓடும் வண்டிக்காக முன்பே முயன்று கொண்டிருந்த அந்தத் தகப்பன், அதன் பிறகு அதே நினைவாக உழைத்தார். 1937ல் ஏழு பேர் உட்காரும் பனி வண்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தார். 1959ல் ஸ்கீடூ என்ற சின்ன வண்டி வந்தது. இன்று நாம் பார்க்கும் ஸ்நோமொபைலுக்கு அதுதான் முன்னோடி.

எங்கள் வீடு பெரிய சாலையிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. பனிப்புயல் அடித்தால் பாதையைச் சுத்தம் செய்யும் வண்டி வர அரை நாள்கூட ஆகும். என் கணவருக்குச் சுரங்கத்தில் வேலை. இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே. சின்னவனுக்கு அப்போது ஆறு வயசு; வீஸிங் தொந்தரவு உண்டு. அதற்காகவே 2021ல் பழைய வண்டி ஒன்றை வாங்கினோம்.

டிசம்பரில் பனி விழுந்தது. வண்டியைக் கிளப்பினால் ஒரே இருமல்! சோக்கை இழுத்துப் பிடித்தால் ஓடுகிறது, விட்டால் நின்று போகிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் திணறுகிறது. டவுனில் உள்ள கடையில் மூன்று வாரம் ஆகும் என்றார்கள். இவரோ சுரங்கத்தில். போனில், "சோக்கைப் பிடிச்சுக்கிட்டே ஓட்டிடலாமா?" என்று கேட்டேன்.

"வேண்டவே வேண்டாம். அது காய்ச்சலுக்கு மாத்திரையைப் போட்டுட்டு வேலைக்குப் போற மாதிரி. பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கேளு" என்றார்.

பக்கத்து வீடு என்றால் ஒரு கிலோமீட்டர் தள்ளி! அந்தப் பெரியவர் ரிட்டயரான மெக்கானிக். கையெல்லாம் மூட்டுவலி. நாற்காலியில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல, நான் செய்தேன்.

முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றச் சொன்னார். எஞ்ஜினுக்கு அதுதான் நாக்கு. காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் ஆரோக்கியம். ஈரமாகக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. எங்கள் வண்டியில் ஒரு பிளக் காப்பி நிறம், மற்றது வெள்ளை வெளேர். பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால் எஞ்ஜின் சூடேறும். பிஸ்டன் இறுகிப்போய் வண்டி நின்றே விடும். மைனஸ் முப்பது டிகிரி குளிரில், ஏரி நடுவில், குழந்தையோடு நின்றால்? நினைக்கவே குலை நடுங்கியது.

டாங்க்கில் இருந்த பெட்ரோலில் வார்னிஷ் வாடை. வண்டியை விற்றவர், கோடை முழுக்கப் பெட்ரோலை அப்படியே விட்டிருந்தார். பெட்ரோல் நாள்பட நின்றால் லேசான பகுதி ஆவியாகிவிடும். மிச்சம் பிசினாகப் படிந்து, கார்புரேட்டருக்குள் இருக்கும் ஜெட் என்ற பித்தளைத் துளைகளை அடைத்துவிடும். எங்கள் வண்டிக்கு இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர்.

ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, பம்ப் ஸ்டவ்ல நிப்பிள் அடைச்சா இப்படித்தானே தப்புத்தப்புனு எரியும்? பின்னை வச்சுக் குத்திவிடேன்!"

பெரியவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். நோய் சரி, வைத்தியம்தான் கூடாதாம். ஜெட் துளை தலைமுடி அளவுதான். பின்னோ கம்பியோ பட்டால் பித்தளை தேய்ந்து துளை பெரிசாகிவிடும். அப்புறம் அளவே தப்பிப் போகும்.

அத்தை சும்மா இருப்பாரா? வீட்டில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய இட்லித் தட்டு இரண்டைக் கொண்டு வந்தார். "இடது பக்கத்துச் சாமான் இதுல, வலது பக்கம் அதுல. கலந்துடாதே" என்றார். எவ்வளவு நல்ல யோசனை!

காராஜ் கதவை விரியத் திறந்து வைத்தோம். பக்கத்தில் நெருப்பு கிடையாது. குழந்தைகள் உள்ளே வரக் கூடாது. கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டேன். பெட்ரோல் வரும் குழாயை அடைத்துவிட்டு, அடிக்கிண்ணத்தைத் திறந்தால் பச்சைப் பிசின்! காற்று ஸ்க்ரூவைக் கழற்றுமுன், மெல்ல உள்ளே திருகி எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொண்டேன். ஜெட்டுகளைக் கழற்றி, கார்புரேட்டர் கிளீனர் தெளித்து ஊறவிட்டேன். ரப்பர் பாகங்களில் அது படக் கூடாது. பிறகு காற்றழுத்தத்தால் ஊதினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஊசிமுனை அளவுக்கு வட்டமாக ஒளிப் புள்ளி தெரிய வேண்டும். சின்ன ஜெட்டில் மூன்றாம் முறைதான் தெரிந்தது.

கார்புரேட்டரை எஞ்ஜினோடு இணைக்கும் ரப்பர் கழுத்தில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்த்தோம். அதன் வழியே காற்றுப் புகுந்தாலும் இதே இருமல்தான். எல்லாம் பூட்டி, ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது இரண்டு பக்கமும் ஒன்றாகத் திறக்கிறதா என்று சரிபார்த்து, புதுப் பெட்ரோல் ஊற்றி, ஒழுகல் இல்லை என்று தெரிந்த பிறகே கிளப்பினேன். சோக்கை விட்டேன். நிற்கவில்லை! தையல் மிஷின் மாதிரி சீராக ஓடியது.

பிப்ரவரியில் ஓர் இரவு, கொட்டும் பனியில், சின்னவனுக்கு மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸ் பெரிய சாலை வரைதான் வரமுடியும் என்றார்கள். மூக்கையும் வாயையும் மஃப்ளரால் சுற்றி, ஹெல்மெட் மாட்டி, அவனை முன்னால் அணைத்து உட்காரவைத்தேன். இன்ஹேலர் என் சட்டைக்குள்ளே. குளிர்ந்துவிட்டால் அதிலிருந்து மருந்து சரியாக வராது. வண்டி ஒரு தடவைகூட இருமவில்லை. மறுநாளே பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டான்.

அன்று முதல் குளிர்காலம் முடிந்ததும் எங்கள் வீட்டில் ஒரு சடங்கு உண்டு. டாங்க்கில் பெட்ரோல் கெடாமலிருக்கும் மருந்தைக் கலந்து, திறந்த வெளியில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, கார்புரேட்டர் கிண்ணங்களை வடித்துவிடுவேன். வடித்த பெட்ரோலைச் சாக்கடையில் கொட்டுவதில்லை; அதற்குரிய இடத்தில் ஒப்படைக்கிறோம். மூடிய காராஜில் எஞ்ஜினை ஓடவிடவே மாட்டோம். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையும் இல்லை, இரக்கமும் இல்லை.

உங்கள் ஊரில் பனி இல்லாமல் இருக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் நிற்கும் பழைய ஸ்கூட்டரோ, புயல் நேரத்துக்கென்று வாங்கிய ஜெனரேட்டரோ இருக்கும் அல்லவா? அதற்குள்ளும் இதே கார்புரேட்டர், இதே பிசின் இருக்கலாம். அவசரத்தன்று பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு தடவை கிளப்பிப் பாருங்கள், சகோதரிகளே!