இறம்பொடை ஏற்றமும் எமது கிணற்று நீரும்

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த மோட்டார் வண்டிக்கு மலை இன்னதென்று தெரியாது. குடாநாட்டில் ஏற்றம் என்று சொல்லத் தக்கது பாலங்களின் முதுகு ஒன்றே. எமது தகப்பனார் விட்டுச் சென்ற மொறிஸ் மைனர் வண்டி அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அத்தட்டை நிலத்திலேயே ஓடி வந்தது. எரிபொருளுக்குத் தடை இருந்த 1990களில், ஒரு சிறு போத்தல் பெற்றோலில் உயிர் பெற்று, பின்னர் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கும் ஆசுபத்திரிக்கும் போய் வந்த வண்டி அது. அதனை மலைநாட்டுக்குக் கொண்டு செல்லலாமென்று நாம் துணிந்தது சென்ற ஆகஸ்ட் விடுமுறையிலேயாகும்.

துணிந்தமைக்குக் காரணம் எமது தாயார். நெடுங்காலமாக நுவரெலியாவில் வாழும் அவருடைய ஒரே தம்பி, எமது அம்மான், நோய்வாய்ப்பட்டிருந்தார். தாயாருக்கு வயது 78. பஸ் வண்டியில் அவ்வளவு தூரம் அவரால் இருக்க இயலாது. தம்பியை இனியொரு முறை காணக் கிடைக்குமோ என்ற ஏக்கமோ அவரை உறங்கவிடவில்லை.

ஆனையிறவு, வவுனியா, தம்புள்ளை என்று வண்டி ஒரு முறைப்பாடுமின்றி ஓடியது. மாத்தளையில் இராத் தங்கி, மறுநாள் கண்டியையும் கம்பளையையும் கடந்து புசல்லாவையை அடைந்தபோது நண்பகல் கழிந்திருந்தது. அங்கிருந்து காட்சி மாறுகிறது. ஒரு புறம் தேயிலை படர்ந்த சரிவு; மறு புறம் கொத்மலை நீர்த்தேக்கம் கண்ணாடித் துண்டுபோலக் கீழே கிடக்கும். இறம்பொடையில் 109 மீற்றர் உயரத்திலிருந்து அருவி விழுகின்றது. எதிர்க்குன்றில் ஆஞ்சநேயர் கோயில். தாயார் கைகூப்பித் தொழுதுகொண்டிருந்த அவ்வேளையிற்றான் எஞ்சின் மூடியின் இடுக்குகளால் வெண்ணிற ஆவி சீறத் தொடங்கியது.

மொறிஸ் மைனரில் நீரின் வெப்பத்தைக் காட்டும் கருவி கிடையாது. ஆவி கிளம்பும்போதுதான் செய்தி வரும். எஞ்சினை நிறுத்தி வெளியே இறங்கினோம். க.பொ.த. உயர்தரத்தில் கணிதம் படிக்கும் எமது மகன் எம்மை முந்திக்கொண்டு, கைக்குட்டையைச் சுற்றி ரேடியேற்றர் மூடியைப் பற்றிவிட்டான். நாமோ அருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தம்பி! கைய எடுங்க! மூஞ்சி வெந்து போயிரும்!"

பின்னால் வந்து நின்ற மரக்கறி லொறியொன்றின் சாரதி கத்திய கத்தலில் மகன் கையை உதறினான். ஐம்பது வயது மதிக்கத்தக்க மலைநாட்டுத் தமிழர் அவர். வெறும் லொறியுடன் தம்புள்ளையிலிருந்து நுவரெலியாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்.

இதில் எமக்குள்ள வெட்கத்தை மறைப்பானேன்? நாம் பௌதிகவியல் கற்பிப்பவர். அமுக்கம் கூடினால் கொதிநிலை கூடும் என்பதைக் கரும்பலகையில் எழுதி ஒரு மாதமும் ஆகவில்லை. சமுத்திர மட்டத்தில் 100 பாகையிற் கொதிக்கும் நீர் இறம்பொடையில் ஏறத்தாழ 97 பாகையிலேயே கொதித்துவிடும். நுவரெலியாவில் 94 போதும். அந்த மூடி சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அமுக்கத்தை உள்ளே அடைத்து வைப்பதனாற்றான் கொதிநிலை பத்துப் பாகைக்கு மேல் உயர்ந்து நிற்கின்றது. மூடியைத் திறந்தால் அமுக்கம் ஒரு கணத்தில் விழுந்துவிடும். அப்பொழுது உள்ளிருக்கும் நீர் ஆவியும் கொதிநீருமாக முகத்தில் அடிக்கும். பாடத்தை நாம் அறிவோம். மகனின் கையைப் பிடித்தவர் அந்தச் சாரதி.

"பச்சத் தண்ணியும் இப்ப ஊத்தாதீங்க சார், பிளாக் வெடிச்சிரும். ஒரு மணி நேரம் கெடக்கட்டும்" என்றார் அவர்.

கண்முன்னே அருவி கொட்டுகிறது. எமது வண்டியோ நீரின்றித் தவிக்கிறது. ஒரு மணி நேரம் கழித்து, நனைத்த சாக்கை மூடிமேற் போட்டு, முதலிற் சிறிது திருகி ஆவியை வெளியேற விட்டு, பின்னரே அதனைத் திறந்தார். பின்பு நீரைச் சிறிது சிறிதாக வார்த்தார். இறம்பொடைக்கு மேலே இன்னும் 900 மீற்றருக்குக் குறையாத ஏற்றம் இருந்தது. "அம்மாவையும் அக்காவையும் நம்ம லொறியில ஏத்திக்கிறேன். பாரம் கொறஞ்சா வண்டி ஏறிரும்" என்றார். அவ்வாறே எமது தாயாரும் துணைவியாரும் லொறியின் முன்னாசனத்தில் ஏறிச் சென்றனர். நாமும் மகனும் சிறிய கியரில், மூன்றிடங்களில் நின்று நின்று, இருட்டியபின் நுவரெலியாவை அடைந்தோம். தாயார் அதற்குள் தம்பியின் கட்டிலருகே அமர்ந்திருந்தார்.

மறுநாட் காலை, அம்மான் வீட்டு முற்றத்தில், கம்பளிச் சட்டையுடன் ஆராய்ச்சியைத் தொடங்கினோம். ஆராய்ச்சி என்றது பெரிய சொல். யாழ்ப்பாணத்தில் எமது வீட்டு முற்றத்திலேயே எந்த ஞாயிற்றுக்கிழமையும் செய்திருக்கக் கூடிய காரியந்தான் அது. இரவே வண்டியின் கீழ் செய்தித்தாள் விரித்து வைத்திருந்தோம். (இவ்வாரமலரின் பழைய இதழே போதும்.) காலையில் அதில், எஞ்சினின் முன்பக்கத்துக்கு நேர்கீழே, துரு நிறத்தில் நான்கைந்து சொட்டுக்கள். எண்ணெயாயின் கரிய பிசுக்கு இருக்கும். கூலன்ற் ஊற்றிய வண்டியாயின் பச்சையாகவோ செந்நிறமாகவோ கறை படியும். குளிரூட்டி பூட்டிய புதிய கார்களின் கீழ் விழும் நிறமற்ற வெறும் நீருக்கு அஞ்ச வேண்டியதில்லை.

சொட்டுக்கு மேலே தேடினால் நீர்ப் பம்பு. அதன் அடியில் ஒரு சிறு துவாரம் உண்டு. உள்ளிருக்கும் அடைப்பு தேய்ந்தால் கசிவு அவ்வழியே வெளிப்படவேண்டும் என்பதற்காகவே அதனை வைத்திருக்கிறார்கள். விசிறியின் இரு முனைகளைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினோம், ஆடியது. பம்பின் ஆயுள் முடிந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. றப்பர்க் குழாய்களை அமுக்கிப் பார்த்ததில் வெடிப்பில்லை. எண்ணெய் வார்க்கும் மூடியின் உட்புறத்தில் பாலாடை போன்ற படிவு இல்லை; எஞ்சின் ஓடும்போது ரேடியேற்றர் வாயில் இடைவிடாத குமிழிகளும் இல்லை. இருந்திருந்தால் சிலிண்டர்த் தலையின் காஸ்கெற் போய்விட்டது என்று பொருள். அது வீட்டில் முடிகிற வேலையன்று. தெர்மோஸ்ற்றற்றைக் கழற்றி, மாமியின் பாத்திரமொன்றில் நூலிற் கட்டித் தொங்கவிட்டுச் சுடவைத்தோம். 80 பாகையை அணுகும்போது ஒழுங்காக வாய் திறந்தது.

ஆயினும், இந்த நாலு சொட்டுக் கசிவு வண்டியை அவ்வாறு கொதிக்க வைக்குமா என்ற ஐயம் எமக்குத் தீரவில்லை. எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, நீர் நிரப்பி, எஞ்சினைச் சூடாக்கி நிறுத்திவிட்டு, ரேடியேற்றரின் முகத்தைக் கையால் தடவினோம். மேற்பக்கம் சுட்டது. நடுவிலும் கீழும் பெரியதொரு பகுதி குளிர்ந்தே கிடந்தது. சுடுநீர் அப்பக்கம் போகவேயில்லை! (மின்விசிறி உள்ள புதிய கார்களில் இச்சோதனை வேண்டாம், எஞ்சின் நின்ற பின்னும் விசிறி தானாகச் சுழலக்கூடும்.)

திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த தாயார் அப்பொழுதுதான் கேட்டார்: "தம்பி, எங்கடை கேத்திலுக்குள்ளை பிடிக்கிற சுண்ணாம்பு காருக்குள்ளை பிடியாதோ?"

எமக்கு உடம்பு சிலிர்த்தது. யாழ்ப்பாணக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லைக் குடைந்தவை, நீர் வன்னீர். சூடேறினால் அதில் கரைந்திருப்பது கல்சியங் காபனேற்றாகப் படியும். ஒரு முறை நிரப்பிய நீரில் உள்ள சுண்ணாம்பு அற்பம். ஆனால் பம்பு கசிந்ததே! அதனால் வாரந்தோறும் ஒரு செம்பு கிணற்று நீரை நாமே வார்த்து வந்தோம்; செம்புக்குச் செம்பு புதுச் சுண்ணாம்பும் உள்ளே போயிற்று. "நீர் கொஞ்சம் குறையும், பழைய வண்டிதானே" என்று பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டது நினைவுக்கு வந்தது. தட்டை நிலத்தில் பாதி ரேடியேற்றரே போதியதாக இருந்தது.

ரேடியேற்றரைக் கழற்றிக் குழாய்களைக் குத்தியெடுக்க ஒரு நாள் சென்றது. கண்டியிலிருந்து பம்பு வர மூன்று நாள். அந்நாட்களில் தாயாரும் அம்மானும் பேசித் தீராத பேச்சில் இருந்தனர், எவரும் அவசரப்படவில்லை. இம்முறை கனிமம் நீக்கிய நீரும் கூலன்றும் கலந்து வார்த்தோம். எமது நாட்டில் நீர் உறையப் போவதில்லையே, கூலன்ற் எதற்கு என்று நாமும் கேட்டவர்தாம். துருவைத் தடுப்பதற்கும் கொதிநிலையை உயர்த்துவதற்கும் அது வேண்டும். ஆனால் அது இனிப்பான நஞ்சு. சிந்தியதைக் கழுவிவிட வேண்டும், போத்தலைக் குழந்தைகளுக்கும் நாய் பூனைகளுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும்.

திரும்பும் வழியில் இறம்பொடையில் நிறுத்தினோம். சாரதி அங்கில்லை, லீக்ஸ் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்குப் போய்விட்டார் என்று தேநீர்க்கடைக்காரர் சொன்னார். அம்மானுக்கென்று கொண்டுவந்து மிஞ்சியிருந்த பனங்கட்டிக் குட்டான்கள் இரண்டையும் அவருக்குக் கொடுக்கும்படி கடையில் ஒப்படைத்தோம். தாயார் அருவி நீரில் ஒரு கான் பிடித்துத் தரச் சொன்னார். காருக்கு இனி அது வேண்டாம் என்றோம். தமக்குத் தேநீர் வைக்க என்றார்.